கடைமடையில் உப்பு, வெள்ளம், வறட்சி: ஒரு வருஷத்துக்கு என்னென்ன செய்ய வேண்டும்

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிந்து, வெண்ணாற்றிலிருந்து கோரையாறு, பாமணியாறு, வெட்டாறு என்று மறுபடியும் பிரிந்து, ஏ வாய்க்கால், பி வாய்க்கால் என்ற கிளை வாய்க்கால்கள் எல்லாம் தாண்டி, கடைசியாக எந்த வயலுக்கு மடை திறக்கிறார்களோ அதுதான் கடைமடை. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, தலைஞாயிறு, கீழையூர், வேதாரண்யம், வடக்கே சீர்காழி, கொள்ளிடம் பக்கம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது நாம்தான். மழை கூடினால் மேலே உள்ள ஊர்களின் வெள்ளம் எல்லாம் கடலுக்குப் போவதற்கு முன்னால் நம் வயலில்தான் நிற்கும். நடுவில் கடல் வேறு உப்பைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

பழைய கணக்கு இப்போது உதவவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்று நம்பி வேலையைத் தொடங்கிய காலம் இருந்தது. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் தொடர்ந்து அந்தத் தேதியில் திறக்கவே இல்லை. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28தான். மழையும் அப்படித்தான். 2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 சென்டிமீட்டர் கொட்டியது. அந்தச் சம்பா எப்படியோ தேறி அறுவடைக்கு நின்றபோது 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் பருவம் தவறிய மழை வந்து சாய்த்துவிட்டது.

இதில் நான் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வறட்சிக்கு ஒரு ஏற்பாடு, வெள்ளத்துக்கு ஒரு ஏற்பாடு, உப்புக்கு ஒரு ஏற்பாடு என்று தனித்தனியாக யோசித்தால் பணமும் தீரும், உடம்பும் தேயும். கடைமடையில் இந்த மூன்றுக்கும் பொதுவாக இருக்கும் வழி வடிகால்தான். நல்ல தண்ணீரைப் பிடித்து வைக்கவும் கெட்ட தண்ணீரை நேரத்தில் வெளியேற்றவும் உங்கள் வயலால் முடிகிறதா என்பதை முதலில் பாருங்கள், விதை, உரம், மருந்து எல்லாம் அப்புறம். கீழே சொல்லும் எல்லா வேலையையும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் சொல்கிறேன்.

சித்திரை, வைகாசி: உப்பை அளந்து பாருங்கள்

உப்பு நிலம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் உவர் வேறு, களர் வேறு. மண் மேல் வெள்ளையாகப் பூத்து, நாக்கில் வைத்தால் கரித்து, தண்ணீர் விட்டால் கீழே இறங்குகிறது என்றால் அது உவர். தண்ணீர் விட்டால் இறங்காமல் கலங்கலாகவே நின்று, காய்ந்தால் கட்டாந்தரையாக இறுகி, மேலே கருப்பாக எண்ணெய் படிந்த மாதிரி தெரிந்தால் பெரும்பாலும் களர். வைத்தியம் முழுக்க வேறு என்பதால் இதைப் பிரித்துத் தெரிந்துகொள்ளாமல் ஒரு மூட்டை ஜிப்சம்கூட வாங்காதீர்கள்.

மண் எடுக்கச் சரியான நேரம் இதுதான், வெயிலில் உப்பு முழுக்க மேலே ஏறியிருக்கும். வயலில் எட்டுப் பத்து இடங்களில் ‘வி’ மாதிரி 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, குழியின் பக்கச் சுவரை மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சுரண்டி எடுங்கள். வரப்போரம், எருக்குவியல் இருந்த இடம், மரத்தடி வேண்டாம். எல்லாவற்றையும் கலந்து அரைக் கிலோ அளவுக்குக் குறைத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மேட்டுப் பகுதியில் வெள்ளை திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அந்தத் திட்டுக்குத் தனி மாதிரி எடுப்பது நல்லது, கலந்துவிட்டால் சராசரியில் உண்மை மறைந்துபோகும்.

பரிசோதனை முடிவு அட்டையில் இரண்டு எண்களைப் பாருங்கள். மின்கடத்தும் திறன், அதாவது இ.சி., 1க்குக் கீழே என்றால் கவலை இல்லை. 3ஐத் தாண்டினால் நெல்லுக்குக் கஷ்டம். பி.எச். 8.5க்கு மேல் என்றால் களர்த் தன்மை வந்துவிட்டது என்று பொருள், அப்போது எத்தனை ஜிப்சம் தேவை என்பதையும் ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். நெல்லுக்கு அந்தத் தேவையில் பாதி போட்டாலே போதும். போட்டுவிட்டு அப்படியே விடக் கூடாது. தண்ணீர் கட்டி, சேறாக்கி, சில நாள் நிறுத்தி, அந்தத் தண்ணீரை வடித்து வெளியே விட்டால்தான் ஜிப்சம் பிரித்தெடுத்த சோடியம் வயலை விட்டுப் போகும். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் போடுவது வீண் செலவு. வெறும் உவர் நிலத்துக்கு ஜிப்சமே வேண்டாம், நல்ல தண்ணீரால் கழுவினால் போதும்.

தண்ணீரையும் அளக்க வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் இப்போது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது, நாலு வீட்டுக்குச் சேர்த்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரோ வாய்க்கால் தண்ணீரோ லிட்டருக்கு 1,300 மில்லிகிராமைத் தாண்டினால் நெல் விளைச்சல் அடிபடத் தொடங்கும், நாற்றங்காலுக்கு அதைவிட நல்ல தண்ணீர் வேண்டும். ஒரே போரில் சித்திரையில் ஓர் அளவும் தை மாதத்தில் வேறு அளவும் காட்டும், அதனால் மாதம் ஒருமுறை பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு வருஷம் எழுதினாலே உங்கள் போர் எந்த மாதத்திலிருந்து உப்பாகிறது என்று பிடிபட்டுவிடும்.

உப்பாகிவிட்டது என்று இன்னும் ஆழமாகப் போர் இறக்குகிறார்கள். கடலோரத்தில் இது பல இடங்களில் நிலைமையை மோசமாக்குகிறது. வேதாரண்யம் பக்கம் மணல்மேடுகளில் மழைத் தண்ணீர் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய அடுக்காக நிற்கிறது. அதை மெதுவாக மேலாக எடுத்தால் வருஷம் முழுக்க எடுக்கலாம். பெரிய மோட்டாரை வைத்து ஒரே இடத்தில் உறிஞ்சினால் அடியில் உள்ள உப்பு மேலே ஏறிவிடும், அப்புறம் பல மழைக்காலம் ஆனாலும் சரியாகாது. ஆழமான ஒரு போரை விட ஆழமில்லாத ஊற்றுக் குட்டைகள் நாலைந்து மேல். அந்த மணல்மேட்டை மண்ணுக்காக வெட்டி விற்பவர்களை ஊரே சேர்ந்து தடுக்க வேண்டும், ஏனென்றால் மேடு போனால் அடியில் இருக்கும் நல்ல தண்ணீரும் போய்விடும்.

பண்ணைக்குட்டை வெட்டுவதாக இருந்தாலும் இதே எச்சரிக்கைதான். பக்கத்துக் கிணற்றில் கோடையில் தண்ணீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று பார்த்து, அதற்கு மேலேயே நிறுத்திவிடுங்கள். இன்னும் தோண்டினால் அடி உப்பு ஊறி, பிடித்து வைத்த மழைத் தண்ணீரும் கெடும். ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுங்கள். வெட்டிய மண்ணை வெளியே கொடுக்காமல் வரப்பை உயர்த்தவும் வீட்டுத் திடலை மேடாக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

வடிகால் வேலை, மழைக்கு முன்னால்

தண்ணீர் கொண்டு வரும் வாய்க்காலை ஒவ்வொரு வருஷமும் தூர்வாருகிறார்கள். வடிகாலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு. வெண்ணாறு பகுதியில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு வடிகால் போன்றவற்றில் கரையை உயர்த்தி மதகுகளைப் புதுப்பிக்கும் வேலைகள் நடந்தன. அது நல்ல காரியம்தான். ஆனால் உங்கள் வயலிலிருந்து அந்தப் பெரிய வடிகால் வரைக்கும் உள்ள அரைக் கிலோமீட்டர் எந்தத் திட்டத்திலும் வராது. அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் காலையில் உங்கள் வயலின் கடைசி வாய்மடையிலிருந்து கிளம்பி, தண்ணீர் போகும் வழியிலேயே ஆற்று வாய் வரைக்கும் நடந்து பாருங்கள். வழியில் யார் வரப்பு வடிகாலுக்குள் நுழைந்திருக்கிறது, எங்கே ரோட்டுக்கு அடியில் சின்னக் குழாய் போட்டு அடைத்திருக்கிறார்கள், எங்கே வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டியிருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முழு நீளமும் அடைத்திருக்காது, இரண்டு மூன்று இடத்தில்தான் இறுகியிருக்கும். அந்த இரண்டு மூன்று இடத்தைத் திறந்தாலே வெள்ளம் வடியும் நாள் பாதியாகக் குறைவதுண்டு.

மே 1 கிராம சபையில் இந்தப் படங்களை வைத்து, வடிகாலின் பெயர், எங்கிருந்து எது வரை என்பதைச் சொல்லித் தீர்மானம் போடச் சொல்லுங்கள். நூறு நாள் வேலையில் சின்ன வடிகால்களைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். ரோட்டுக் குழாய் மாதிரி பெரிய விஷயத்துக்கு நீர்வளத் துறைக்கும் ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கும் மனு. மீதிக்கு மா கணக்கில், அதாவது அவரவர் நில அளவுப்படி, பணம் போட்டு, புரட்டாசி கடைசியில் ஒரு நாள் பொக்லைன் வைத்து இழுத்துவிடலாம். நாலு மா வைத்திருப்பவரும் நாலு வேலி வைத்திருப்பவரும் ஒரே தொகை கொடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சு முறிந்துவிடும், மா கணக்குதான் நியாயம். ஆகாயத்தில் மழை திரண்ட பிறகு கூட்டம் போடுவதில் பயன் இல்லை.

கடைசி மதகைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடல் மட்டம் ஏறி இறங்குவதுதான் ஓதம். கடலுக்கு அருகில் அது ஏறும்போது தண்ணீர் வடியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது இன்னும் கூடும், கீழ்க்காற்று வலுத்தால் இன்னும் மோசம். ஓதம் ஏறும் நேரத்தில் மதகுப் பலகையை இறக்கி உப்பைத் தடுத்து, வற்றும் நேரத்தில் தூக்கி வெள்ளத்தை விட வேண்டும். அறிவிப்பு பார்த்துத் தூக்குகிற வேலை இல்லை இது, அந்த இடத்திலேயே இருந்து தண்ணீரைப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. உங்கள் பகுதி மதகு யார் பொறுப்பு, அவர் நம்பர் என்ன, துருப்பிடித்த திருகுக்கு கிரீஸ் போட்டார்களா என்பதை ஆவணிக்குள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மீன்பிடிக்கிறவர்களுக்கு ஓதக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும், அவர்களில் ஒருவரைக் கேட்டு மதகு நேரத்தை முடிவு செய்யும் ஊர்களில் வெள்ளம் சீக்கிரம் வடிகிறது.

எந்த நெல், எந்தத் தேதி

தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். செப்டம்பர் 1ஆம் தேதி விதைத்தால் 135 நாள் ரகம் பொங்கலுக்கு அறுவடைக்கு வரும். அதே நாள் விதைத்த 160 நாள் ரகம் பிப்ரவரி 8 வரை வயலில் நிற்கும், 2023 மாதிரி மழை வந்தால் அதன் தலையில்தான் விழும். சி.ஆர். 1009 மாதிரி நீண்ட ரகத்தை ஆகஸ்ட் நடுவுக்குள் விதைக்க முடிந்தால் மட்டும் எடுங்கள். தண்ணீர் வரவில்லை, மழையும் இல்லை, தேதி தாண்டிவிட்டது என்றால் மனசைத் தேற்றிக்கொண்டு 130, 135 நாள் ரகத்துக்கு மாறிவிடுங்கள். மாறாமல் பிடிவாதமாக நீண்ட ரகத்தைத் தாமதமாகப் போட்டு நஷ்டப்பட்டவர்கள் எங்கள் பக்கம் ஏராளம்.

இன்னொரு கணக்கு முன்னாலிருந்து எண்ண வேண்டியது. ஐப்பசி அடைமழை வரும்போது பயிருக்குக் குறைந்தது 30 நாள் வயதாகி, ஓர் அடி உயரமாவது இருக்க வேண்டும். அதனால்தான் கடைமடையில் ஆற்றுத் தண்ணீரை எதிர்பார்க்காமல் ஆடி, ஆவணியில் கிடைக்கும் மழை ஈரத்திலேயே, நாற்று விடாமல் உழுத வயலில் நேரடியாக விதைக்கும் புழுதி விதைப்பு செய்கிறார்கள். ஏக்கருக்கு 30 கிலோ விதை போதும். லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்த தண்ணீரில், விதையின் அளவுக்குச் சம அளவு ஊற்றி 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழையபடி காயவைத்து விதைத்தால் முளைத்த பிறகு வரும் சின்ன வறட்சியைத் தாங்கும். புழுதி விதைப்பில் களை ஒரு பெரிய தொல்லை, அதற்கு ஆள் கூலியை முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

வெள்ளம் நிற்கும் வயலுக்கு சி.ஆர். 1009 சப் 1 எடுங்கள். அது முழுக்க மூழ்கி இரண்டு வாரம் வரைக்கும் தாக்குப் பிடிக்கும், சாதாரண சி.ஆர். ஒரு வாரத்திலேயே அழுகத் தொடங்கிவிடும். ஆனால் அதற்கு உப்பைத் தாங்கும் குணம் இல்லை என்பதை மறக்காதீர்கள். களர் நிலத்துக்குத் திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரியில் உருவாக்கிய திருச்சி 1, திருச்சி 3 இருக்கின்றன. கடலோர உவருக்கு நம் முன்னோர் வைத்திருந்த குழியடிச்சான், களர்பாலை, வெள்ளத்துக்கு காட்டுயானம், மடுமுழுங்கி, உப்பும் வெள்ளமும் சேர்ந்து வரும் இடத்துக்கு ஒட்டடையான் என்று பாரம்பரிய ரகங்கள் உண்டு. நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, இரண்டு கிலோ கொடுத்து அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பி வாங்கியதால்தான் இதில் பல ரகங்கள் இன்று நம் கையில் இருக்கின்றன. அவர் 2018 டிசம்பரில் மறைந்துவிட்டார், விதைகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மகசூல் புது ரகங்களை விடக் குறைவு, உயரமானவை காற்றில் சாயும், கொள்முதல் நிலையத்தில் தனி விலை கிடைக்காது. அதனால் முழு நிலத்தையும் மாற்ற வேண்டாம், வருஷா வருஷம் கெடும் அந்தப் பள்ளமான இரண்டு மாவில் மட்டும் போட்டுப் பாருங்கள்.

நடவு செய்பவர்களுக்குச் சில விஷயங்கள். நாற்றங்காலை நல்ல தண்ணீர் கிடைக்கும் மேட்டில் போடுங்கள், உப்பு வயலில் போடாதீர்கள். நெல்லுக்கு உப்பு கடுமையாகப் படுவது இளநாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும்தான், அதனால் 30 நாள் தாண்டிய முற்றிய நாற்றாக எடுத்து, குத்துக்கு மூன்று நாலு வைத்து, கொஞ்சம் நெருக்கமாக நடுங்கள். கடைசி உழவுக்குப் பிறகு ஏக்கருக்கு 10 முதல் 15 கிலோ சிங்க் சல்பேட்டை மணலில் கலந்து மேலாகத் தூவுங்கள், சேற்றில் புதைக்க வேண்டாம். சேடை ஓட்டும்போது, அதாவது சேற்றுழவு போடும்போது, வயலைச் சமமாக்குவதில் சோம்பல் கூடாது. மேடு நிற்கும் இடத்தில் தண்ணீர் முதலில் காய்ந்து உப்பு அங்கேதான் ஏறும், நாம் பார்க்கும் வெள்ளைத் திட்டு பெரும்பாலும் அந்த மேடுதான். உப்பு வயலைக் காயவிடவும் கூடாது. கொஞ்சமாகத் தண்ணீர் எப்போதும் நிற்கட்டும், மழை பெய்தால் பழைய தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீரைப் பிடியுங்கள். காசில்லாமல் நிலம் கழுவும் வேலை அது.

வெள்ளம் வந்துவிட்டால்

மழை அறிவிப்பு வந்ததும் யூரியா தூவுவதை நிறுத்துங்கள். வரப்பில் உடைப்பு ஏற்படும் இடங்களில் மண் மூட்டை போட்டு வையுங்கள். தண்ணீர் முழுக்க மூடிவிட்டால், நுனியாவது வெளியே தெரியும் அளவுக்கு எவ்வளவு சீக்கிரம் வடிக்க முடியுமோ அவ்வளவு நல்லது, இன்ஜின் வைத்து இறைக்கும் செலவு பயன் தருமா என்பது வடிகால் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பக்கத்து வயலில் கொட்டி அவரோடு சண்டை போடாதீர்கள், நாலு பேர் சேர்ந்து ஒரே திசையில் இறைத்தால்தான் பலன்.

வடிந்த உடனே உரம் போடக் கூடாது. மூன்று நாலு நாள் வேர் மூச்சு விடட்டும், புது இலை தெரியட்டும். பயிர் மஞ்சளித்திருந்தால் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ சிங்க் சல்பேட், 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து இலையில் தெளியுங்கள். அப்புறம் மேலுரமாக 22 கிலோ யூரியாவோடு 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து, 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துப் போடுங்கள். அழுகிய இடத்தில் புது நாற்று தேடி அலைய வேண்டாம், மேட்டில் நன்றாகத் தூர் கட்டிய குத்திலிருந்து கலைத்து எடுத்து நடலாம்.

கடல் தண்ணீரே உள்ளே வந்துவிட்டால் கதை வேறு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் மாவட்டத்தில் வயல்கள் முழுக்கக் கடல்சேறு படிந்து கிடந்தது. அப்போது செய்த வேலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: படிந்த சேற்றை உழுது உள்ளே தள்ளாமல் முதலில் வழித்து வெளியேற்றுவது, வரப்பை உயர்த்தி மழைத் தண்ணீரைக் கட்டி, சில நாள் நிறுத்தி வடிப்பது, இதையே திரும்பத் திரும்பச் செய்வது, பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது. 2005 வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து உப்பைக் கழுவிக் கொடுத்தது. வடிகால் இருந்த வயல் சீக்கிரம் மீண்டது, பள்ளமான வயல் பல வருஷம் இழுத்தது.

புயல்: வீடு, மாடு, மரம்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. காற்று சில மணி நேரம்தான், கரண்ட் வரப் பல ஊர்களில் வாரக்கணக்கானது. அதனால் புயலுக்கு முதல் ஏற்பாடு குடிதண்ணீர்தான். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றும்போதே டேங்க், அண்டா, குடம் எல்லாவற்றையும் நிரப்புங்கள், ஊரில் இருக்கும் அடிபம்புகளை அதற்கு முன்பே ரிப்பேர் செய்துவிடுங்கள். விதைநெல்லையும் பட்டா, ரேஷன் கார்டு, பாஸ்புக்கையும் பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு மூடி மேட்டில் வையுங்கள். மாடு, ஆடுகளைத் திடலுக்கு ஓட்டி அவிழ்த்து விட்டுவிடுங்கள், கட்டிப்போட்ட மாடுதான் அதிகம் செத்தது. குடிசை, ஓட்டு வீட்டில் இருப்பவர்கள் இருட்டுவதற்கு முன்னால் புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விட வேண்டும். வயசானவர்கள் “வீட்டை விட்டு வர மாட்டேன்” என்பார்கள், அவர்களோடு மத்தியானமே பேசத் தொடங்குங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில அறைக்கு 1070.

தென்னையில் முற்றிய காய்களையும் அடிமட்டைகளையும் புயலுக்கு முன்னால் இறக்கினால் தலைப்பாரம் குறையும். ஆனால் கஜாவில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தபோது பனைகள் நின்றன. தோப்பின் கிழக்கு ஓரத்தில் பனை, புன்னை, பூவரசு வரிசை வையுங்கள். பனை வளர வருஷங்கள் ஆகும் என்பதால்தான் இந்த ஐப்பசியிலேயே கொட்டை ஊன்ற வேண்டும்.

கடல் ஓரத்தில் அலையாத்தி. முத்துப்பேட்டையில் காடு அழிந்து உப்பு இறுகிக் கிடந்த இடங்களில் மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டி, ஓதத் தண்ணீர் உள்ளே போய் வரச் செய்து, வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களோடு சேர்ந்து காட்டை மீட்டார்கள். இங்கேயும் தண்ணீர் உள்ளே போய் வெளியே வரும் வழியைத்தான் சரிசெய்தார்கள். உங்கள் ஊரில் கன்று நடுகிறோம் என்று யாராவது வந்தால், வாய்க்கால் வெட்டுவார்களா, அதை வருஷா வருஷம் தூர்வாருவது யார் என்று முதலில் கேளுங்கள்.

வயலை ஒட்டி இறால் குட்டை வருவதாகத் தெரிந்தால் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பு கொடுத்தது. 2005 சட்டத்தின்படி பண்ணைகள் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இருக்கிறதா, கழிவுத் தண்ணீர் எந்த வடிகாலில் விழுகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

காகிதங்கள்

சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்ய வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள், பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். கடைசி வாரத்தில் போகாதீர்கள், அடங்கல், அதாவது சாகுபடிப் பதிவு நகல், வாங்கக் கூட்டம் அலைமோதும், சர்வர் நின்றுவிடும். கோயில் நிலம், குத்தகை நிலம் சாகுபடி செய்கிறவர்கள் அடங்கலில் தங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஐப்பசிக்கு முன்பே பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உழுதவர் ஒருவர், பணம் வாங்குகிறவர் வேறொருவர் என்று ஆகிவிடும். இழப்பீடு பெரும்பாலும் ஊரில் நடத்தும் பயிர் அறுவடைப் பரிசோதனையின் கணக்கில் வருவது, உங்கள் வயல் மட்டும் கெட்டதற்குத் தனியாக வருவது அரிது. அதனால் பரிசோதனை எந்தச் சர்வே எண்ணில் நடக்கிறது என்று தெரிந்து ஊர்க்காரர்கள் நாலு பேர் கூடவே நில்லுங்கள். அரசு நிவாரணத்துக்கு 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதம் இருக்க வேண்டும், கணக்கெடுக்க வருவதற்குள் தண்ணீர் வடிந்துவிடும் என்பதால் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

தை, மாசி

அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் தண்ணீரை வடித்துவிடுங்கள். ஈரமான வயலில் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது, பெல்ட் வண்டிக்கு வாடகை அதிகம், அந்தப் பணம் மிச்சமாவதே வடிகாலால்தான். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் கேட்பார்கள், மழை வருஷங்களில் தளர்வு கொடுப்பதுண்டு, ஆனால் அதை நம்பி இருக்காமல் இரண்டு தார்ப்பாயாவது சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவடை முடிந்து வயலை வெறுமையாகப் போடுவதுதான் உப்பு ஏற முக்கியக் காரணம். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், கால் வைத்தால் பதியும் ஈரத்தில், ஏக்கருக்கு 12 கிலோ உளுந்தோ பயறோ நிற்கும் நெல்லுக்குள் தெளித்துவிடுங்கள். மிஷின் அறுப்பில் சக்கரத் தடத்தில் கொஞ்சம் போகும், அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகத் தெளிக்கலாம். உப்பு மிகுந்த வயலில் உளுந்து வராது, அங்கே வைக்கோலைப் பரப்பி விடுங்கள், அல்லது ஈரம் காய்வதற்குள் ஒரு உழவு ஓட்டி மேல்மண்ணை உடைத்துவிடுங்கள், அடி ஈரம் உப்பைத் தூக்கிக்கொண்டு மேலே வருவது அங்கேயே நின்றுபோகும். கோடை மழை ஒன்று கிடைத்தால் அதே ஈரத்தில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு போட்டு, 45 நாளில் பூ எடுக்கும்போது மடக்கி உழுங்கள். அதற்கான விதையை மாசியிலேயே சொல்லி வையுங்கள், மழை பெய்த மறுநாள் வேளாண் விரிவாக்க மையத்தில் இருப்பு இருக்காது.